உல்லன் நூலில் கிறிஸ்துமஸ் குடில்: பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடும்படி பின்னுவது எப்படி

குழந்தை இயேசுவில் தொடங்காதீர்கள். குரோஷா ஊசியைப் புதிதாகப் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பாலனைத்தான் பின்ன உட்காருகிறார்கள். சின்ன உருவம், சீக்கிரம் முடிந்துவிடும், குடிலில் முக்கியமானவரும் அவர்தான் என்ற நினைப்பு. ஆனால் சின்ன உருவத்தில்தான் ஒவ்வொரு கண்ணியின் கோணலும் வெளியே தெரியும். இரண்டு முறை பிரித்துப் பின்னிவிட்டு, மூன்றாம் நாள் நூலையும் ஊசியையும் பையில் போட்டு மூடிவிடுவார்கள். தேவகோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மதிய நேரங்களில் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆட்டில் தொடங்கிப் பாலனில் முடித்தவர்கள்தான் முழுக் குடிலையும் பின்னி முடித்தார்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஐப்பசியில் ஊசியை எடுத்தால், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்குள் முடித்துவிடலாம். ஒரு பெரிய உருவத்துக்கு, உடுப்போடு சேர்த்து, பழகாத கைக்கு இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும்.

1. யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நான் முதல் முறை பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "இது வச்சுக் கும்பிடவா, பிள்ளைக விளையாடவா? முதல்ல அதச் சொல்லு" என்றார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நூல்கூட வாங்கக்கூடாது.

கும்பிட வைக்கிற சுரூபத்துக்கு முத்து தைக்கலாம், கம்பி வைக்கலாம், பொன் சரிகை சுற்றலாம். விளையாட்டுப் பொம்மை பிள்ளையின் வாய்க்குள் போகும், படியில் உருளும், தலையைப் பிடித்துத் தூக்கப்படும். அதனால் கழன்று வரக்கூடிய எதுவும் அதில் இருக்கக்கூடாது. வீட்டில் 3 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தாலும், வந்து போகிறதென்றாலும், அந்தப் பிள்ளையை மனதில் வைத்தே முழு செட்டையும் பின்னுங்கள். பெரிய பிள்ளைக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பதெல்லாம் நடக்காது.

எத்தனை உருவம்? மரியாள், சூசையப்பர் (யோசேப்பு), பாலன், தீவனத் தொட்டி, இரண்டு ஆடு. இந்த ஆறு இருந்தால் குடில் ஆயிற்று. இடையர்கள், சம்மனசு (வானதூதர்), மூன்று ராஜாக்கள், மாடு, கழுதை எல்லாம் அடுத்தது. ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6 என்பதால் அவர்களைப் பின்ன கிறிஸ்துமஸுக்குப் பிறகும் நாள் இருக்கிறது. இந்த ராஜாக்களை ஞானிகள் என்று சொல்லும் மத்தேயு நற்செய்தியில் அவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருப்பதால் மூவர் என்று வைத்துக்கொண்டோம். நேரமில்லாமல் இரண்டு ராஜாவோடு நின்றுவிட்டால் வருத்தப்பட வேண்டாம்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

4 பிளை அக்ரிலிக் உல்லன், எல்லா நிறமும் சேர்த்து 200 முதல் 250 கிராம். அக்ரிலிக்கைச் சொல்வதற்குக் காரணம், அது துவைத்தால் சுருங்காது, பூச்சியும் அரிக்காது. ரோமம் தூக்கி நிற்கும் பஞ்சுபோன்ற நூல் வேண்டாம். கண்ணி தெரியாது, எண்ண முடியாது, பிள்ளை வாயில் வைத்தால் ரோமம் நாக்கில் ஒட்டும்.

2.5 மி.மீ. குரோஷா ஊசி. நூல் சீட்டில் இதைவிடப் பெரிய ஊசிதான் போட்டிருக்கும். அந்த அளவு சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் சரி. பொம்மைக்குக் கண்ணி நெருக்கமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளியில் பஞ்சு எட்டிப்பார்க்கும்.

உள்ளே அடைக்க பாலியஸ்டர் பஞ்சு 200 கிராம். நம் ஊரில் இலவம்பஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். மெத்தைக்கு அதைப்போல ஒன்று இல்லை. பொம்மைக்கு வேண்டாம். தண்ணீர் பட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், அதன் மெல்லிய இழை கண்ணி வழியாக வெளியே வரும்.

முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்று, கறுப்பு எம்பிராய்டரி நூல், பழைய ஜீன்ஸ் துணி, அளவு நாடா, கத்தரிக்கோல். சுற்று எங்கே தொடங்கியது என்று அடையாளம் வைக்க வேறு நிற நூல் துண்டு ஒன்று. அதற்குக் குண்டூசியும் ஊக்கும் எடுக்காதீர்கள். ஒருமுறை பின்னி முடித்துக் கொண்டுவந்த ஆட்டை அமுக்கிப் பார்த்தபோது உள்ளே குண்டூசி இருந்தது. அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் குண்டூசிக்கு இடமில்லை.

நிறம் வாங்கும்போது ஒரு வார்த்தை. முகத்துக்கு வெளிர் ரோஜா நிற நூலைத்தான் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். நான் பழுப்புத்தான் எடுக்கிறேன், அதிலேயே இரண்டு மூன்று சாயல். குடிலில் இருக்கிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளின் நிறத்தில் இருந்தால் பிள்ளைகள் அவர்களோடு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

3. ஒரு வட்டம் பின்னிப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பாதியில் பிரிக்கிறார்கள். மேஜிக் ரிங்கில் (விரலில் நூலைச் சுற்றி, பிறகு இழுத்து இறுக்கும் வளையம்) 6 சிங்கிள் குரோஷா, அதாவது சாதாரணக் குட்டைக் கண்ணி, போடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 12. அடுத்து ஒன்று விட்டு ஒன்றில் கூட்டி 18. அப்புறம் 24, அப்புறம் 30. சுற்றை மூடாமல் சுருளாகவே போங்கள்.

30 கண்ணி வட்டத்தின் குறுக்களவு சுமார் 5 செ.மீ. வர வேண்டும். 6 செ.மீ. வந்தால் கை தளர்வு, ஊசியை ஓர் அளவு குறையுங்கள். ஊசி கண்ணிக்குள் நுழையவே அடம்பிடித்தால் கை இறுக்கம், ஓர் அளவு கூட்டுங்கள்.

இப்போது எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று பாருங்கள். சின்னச் சின்ன "வி" வடிவம் வரிசையாகத் தெரிவது வெளிப்பக்கம். படுக்கைக் கோடுகள் தெரிவது உள்பக்கம். புதிதாகப் பின்னுகிறவர்கள் கைக்கு வசதி என்று உள்பக்கத்தை வெளியே வைத்தே பின்னிக்கொண்டு போவார்கள். ஐந்தாறு சுற்றிலேயே புரட்டிவிட வேண்டும். பஞ்சு அடைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

4. முதல் உருவம்: ஆடு

ஆட்டில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. ஒரு கண்ணி கூடக்குறைய விழுந்தாலும் ஆடு ஆடாகவே இருக்கும். கூட்டுவது, குறைப்பது, நிறம் மாற்றுவது, அடைப்பது, மூடுவது என்று மற்ற எல்லா உருவத்துக்கும் வேண்டிய ஐந்து வேலையும் இதில் வந்துவிடுகிறது.

பழுப்பு நூலில் மூக்கிலிருந்து தொடங்குங்கள். 6, பிறகு 12. அடுத்த மூன்று சுற்று 12 கண்ணியாகவே. ஐந்தாம் சுற்றின் கடைசிக் கண்ணியில், ஊசியில் இரண்டு வளையம் இருக்கும்போது வெள்ளை நூலைக் கொண்டுவந்து இழுங்கள். கண்ணியை முடித்துவிட்டு நிறம் மாற்றினால் அந்த இடத்தில் படிபோலத் தெரியும். ஆறாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 24. அதன்பின் எட்டுச் சுற்று 24.

குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் வாங்கி, ஒன்றாக இழுத்து முடியுங்கள். முழுக் கண்ணியையும் வாங்கினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். இரண்டு விட்டுக் குறைத்து 18. பஞ்சை அடையுங்கள். ஒன்று விட்டுக் குறைத்து 12, இன்னும் கொஞ்சம் பஞ்சு, கடைசியில் 6. மீதமுள்ள ஆறு கண்ணிகளின் முன் இழையிலும் நூலைக் கோத்து இழுத்து மூடுங்கள்.

தலையும் உடம்பும் ஒரே துண்டு. தனித்தனியாகப் பின்னித் தைத்தால் முதலில் கழல்வது தலைதான். கால் வேண்டாம், இது படுத்திருக்கும் ஆடு. காதை மட்டும் பழுப்பு நூலில் நான்கைந்து தையலாகப் போடுங்கள்.

ஆட்டுக்கு முடிச்சு முடிச்சாக சுருள்ரோமம் வைக்க ஆசைப்படுவார்கள். அந்த முடிச்சில் பிள்ளையின் நகமும் பல்லும் மாட்டும். நம் பக்கத்து ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறிக்கு அப்படிச் சுருள்ரோமம் கிடையாது, மழமழவென்றுதான் இருக்கும். நம் பிள்ளைகள் வயலில் பார்க்கிற ஆடு அதுதான்.

இரண்டு ஆடு பின்னுங்கள். இரண்டாவது, முதலாவதைவிட நன்றாக வந்திருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் மூன்றாவது ஆடு. ஆடு எத்தனை இருந்தாலும் பிள்ளைகள் வேண்டாமென்று சொல்வதில்லை.

5. எல்லாருக்கும் ஒரே உடம்பு

பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு, நிறம் மட்டும் மாறும். முதலில் சூசையப்பரைப் பின்னுங்கள். தாடி வைப்பதால் முகத்தில் வரும் பிழை மறைந்துவிடும்.

அடிப்பாகம்: 6, 12, 18, 24, 30. ஆறாம் சுற்று 30 கண்ணியும் பின்பக்க இழையில் மட்டும். இந்த ஒரு சுற்றுத்தான் அடியில் மடிப்பு விழுந்து பொம்மை நிற்பதற்குக் காரணம். இதை மறந்தால் அடி முட்டைபோல உருண்டுவிடும்.

உடம்பு: 7 முதல் 14 வரை 30. பதினைந்தாம் சுற்றில் மூன்று விட்டுக் குறைத்து 24. 16 முதல் 18 வரை 24. பத்தொன்பதில் இரண்டு விட்டுக் குறைத்து 18. இருபதும் 18.

தலை: பழுப்பு நூலுக்கு மாறி 21ஆம் சுற்று 18. 22இல் இரண்டு விட்டுக் கூட்டி 24. 23 முதல் 28 வரை 24. பிறகு 18, 12, 6 என்று குறைத்து மூடுங்கள். உயரம் 11 அல்லது 12 செ.மீ. வரும்.

கழுத்தை 18க்கும் கீழே குறைக்காதீர்கள். 12 வரை குறைத்தால் பார்க்க அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளை தலையைப் பிடித்துத்தான் தூக்கும். ஒரு வாரத்தில் தலை துவண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நான் முதலில் பின்னிய சம்மனசு அப்படித்தான் ஆனது.

6. நிற்க வைப்பதும் பஞ்சு அடைப்பதும்

ஜீன்ஸ் துணியில் 4.5 செ.மீ. வட்டம் நான்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, 15ஆம் சுற்றுக்கு முன் அடியில் வையுங்கள். அடி தட்டையாக நிற்கும், தண்ணீர் பட்டாலும் கெடாது. அட்டை வைத்தால் முதல் துவையலில் கூழாகிவிடும்.

கனத்துக்காகக் கூழாங்கல், மணல், புளியங்கொட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புளியங்கொட்டை ஈரத்தில் ஊறி உப்பும், பூச்சி வைக்கும். ஒரு கண்ணி அறுந்தாலே உள்ளே இருப்பது பிள்ளை வாய்க்குப் போய்விடும். பஞ்சும் துணியும் தவிர உள்ளே வேறெதுவும் வேண்டாம்.

பஞ்சை உருண்டையாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, முதலில் ஓரத்தில், பிறகு நடுவில் அடையுங்கள். கழுத்துக்குப் பென்சிலின் பின்முனையால் நன்றாக அழுத்தி அடையுங்கள். போதும் என்று நினைத்த பிறகு இன்னொரு பிடி வையுங்கள். விளையாட விளையாடப் பஞ்சு அமுங்கும்.

7. முகம்

தலை மூடுவதற்கு முன், 28ஆம் சுற்றில் ஊசியை நிறுத்திவிட்டு முகத்தைத் தையுங்கள். முடிச்சை உள்பக்கம் போடலாம் என்பதுதான் காரணம். மூடிய பிறகு தைத்தால் முடிச்சை ஒளிக்க இடம் தேட வேண்டும்.

கண்கள் 25ஆம் சுற்றில், இரண்டுக்கும் நடுவே 5 கண்ணி இடைவெளி. ஒரே ஓட்டையில் மூன்று நான்கு முறை நூலை ஓட்டினால் போதும். கண்ணை மேலே வைத்தால் முகம் வயதானதாகத் தெரியும், கீழே வைத்தால் பிள்ளைமுகம். வாய் தைக்காதீர்கள். சிரிக்கிற வாயைத் தைத்துவிட்டால் பிள்ளையின் கதையில் மரியாள் அழ முடியாது.

ஓலைக் கூடையான கொட்டானில் முத்தும் சம்கியும் வைத்துத் தைத்துப் பழகிய கைகளுக்கு, இங்கே இரண்டு கறுப்பு முத்து வைத்தால் என்ன என்று தோன்றும். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் உல்லன் நீளும், முத்து கழலும். பொத்தானும் அப்படித்தான். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கண்ணும் தளர்ந்த கண்ணி வழியாக வெளியே வந்துவிடும்.

8. உடுப்பும் அடையாளமும்

மரியாளுக்கு நீல முக்காடு. 23 சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் வளையம்) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, 22 கண்ணியாக 18 வரிசை முன்னும் பின்னும் பின்னினால் ஒரு துண்டு வரும். அதை நெற்றியிலிருந்து பின்னால் போர்த்தி, ஓரம் முழுதும் தையுங்கள். இரண்டு முனையில் மட்டும் தைத்து நடுவை விட்டால் அந்தச் சந்தில் பிள்ளையின் விரல் மாட்டும். இறக்கை, தாடி, சால்வை எல்லாவற்றுக்கும் இதே விதி.

சூசையப்பருக்கு பழுப்பு அங்கி, மஞ்சள் இடுப்புக் கச்சை. இடையரின் கோலைக் குச்சியில் வைக்காமல் 20 சங்கிலி பின்னி உடம்போடு முழு நீளமும் தையுங்கள். குச்சி கண்ணில் குத்தும். சம்மனசுக்குக் கம்பியில் ஒளிவட்டம் வேண்டாம், தலைமேல் மஞ்சள் நூலில் ஒரு வட்டத் தையல் போதும்.

ராஜாக்களுக்கு நான் கண்டாங்கிச் சேலையின் நிறங்களை எடுக்கிறேன்: கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிறம் மாற்றினால் கோடு விழும். அந்த மூன்றையும் மூன்று ராஜாக்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒருவர்போல ஒருவர் இருக்க மாட்டார்கள், ஆனால் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தெரியும். கிரீடம் 26 கண்ணியில் ஒரு பட்டை, அதன் கீழோரத்தைத் தலையில் சுற்றிலும் இரட்டை நூலால் தையுங்கள். காணிக்கைப் பெட்டியைத் தனியாகப் பின்னினால் அது விரல்நுனி அளவுதான் இருக்கும், விழுங்கக்கூடிய அளவு. நெஞ்சில் ஒரு சதுரமாகத் தைத்துவிடுங்கள்.

மாடும் கழுதையும் ஆட்டின் கணக்குத்தான். மூக்கில் 12க்குப் பதில் 18, உடம்பில் 24க்குப் பதில் 30. கொம்புக்குள் கம்பி வைக்காதீர்கள்.

9. தொட்டி, அப்புறம் பாலன்

தொட்டியை முதலில் பின்னுங்கள். அதன் நீளத்தைப் பார்த்துத்தான் பாலனின் நீளத்தை நிறுத்த வேண்டும்.

15 சங்கிலி. இரண்டாவதில் தொடங்கி 13 கண்ணி, கடைசிச் சங்கிலியில் 3, மறுபக்கமாகத் திரும்பி 12, முதல் சங்கிலியில் 2. மொத்தம் 30. அடுத்த மூன்று சுற்றில் இரு முனைகளிலும் மும்மூன்று இடத்தில் கூட்டி 36, 42, 48. நேர்ப்பக்கத்தில் கூட்டாதீர்கள், தொட்டி வளைந்துவிடும். பிறகு ஒரு சுற்று பின்பக்க இழையில், அதன்மேல் ஐந்து சுற்று நேராக. சுமார் 10 செ.மீ. நீளத் தொட்டி தயார்.

பாலன்: பழுப்பில் 6, 12, 18, 24. ஐந்து சுற்று 24. இரண்டு விட்டுக் குறைத்து 18. வெள்ளைக்கு மாறி ஒரு சுற்று 18, பிறகு 24, ஆறு சுற்று 24, அப்புறம் 18, 12, 6. துணியில் சுற்றிய பிள்ளை என்று லூக்கா நற்செய்தி சொல்வதால் கை கால் வேண்டியதில்லை. நீளம் 8 செ.மீ. வரும்.

பெரியவர்கள் 12 செ.மீ. இருக்கும்போது பாலன் 8 செ.மீ. என்பது அளவுக்கு மீறியதாகத் தோன்றும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். குழந்தையின் தொண்டையில் அடைக்கும் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் வாய் 31.7 மி.மீ. அகலம். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. பாலனின் தலை மட்டுமே சுமார் 38 மி.மீ. வருகிறது. "அழகாகக் குட்டியாக" ஒரு பாலனைப் பின்னித்தரச் சொல்லி யார் கேட்டாலும் நான் பின்னுவதில்லை.

பாலனைத் தொட்டியோடு தைத்துவிடாதீர்கள். 24ஆம் தேதி இரவுவரை தொட்டி காலியாக இருக்க வேண்டும், பூசை முடிந்து வந்து பிள்ளைதான் அவரைக் கிடத்த வேண்டும்.

10. இழுத்துப் பார்ப்பது, துவைப்பது

ஒவ்வொரு தையலையும், காது முதல் கிரீடம்வரை, விரலால் பிடித்துப் பலமாக இழுங்கள். உங்கள் கைக்கு அசைந்தால் பிள்ளை வாய்க்குக் கழன்றுவிடும். பிறகு ஒவ்வொரு பொம்மையையும் அமுக்கிப் பார்த்து, ஒரு காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். ஊசிமுனை முறிந்து உள்ளே கிடந்தால் காந்தம் பிடிக்கும்.

சிவப்பு, நீல நூல் துண்டுகளை வெள்ளைத் துணியில் சுற்றி நனைத்து வைத்தால் சாயம் போகிறதா என்று தெரிந்துவிடும். இதை உருவம் பின்னுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. முடிந்த பொம்மைகளைக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அமுக்கித் துவைத்து, துண்டில் சுற்றிப் பிழியுங்கள். முறுக்காதீர்கள். இஸ்திரி படவே கூடாது, அக்ரிலிக் சூட்டில் தளர்ந்துவிடும். கார்த்திகை மழையில் உள்பஞ்சு காய இரண்டு மூன்று நாளாகும், ஈரத்தோடு எடுத்துவைத்தால் பூசணம் பிடிக்கும். வளவில் (வீட்டு முற்றத்தில்) வெயில் விழுகிற ஒரு நாள் பார்த்துத் துவையுங்கள்.

11. குடிலும் வைப்பிடமும்

பெரிய ஓலைக் கொட்டான் ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் அதுவே குடில், திருநாள் முடிந்ததும் நிமிர்த்தினால் அதுவே பொம்மைப் பெட்டி. பழைய கொட்டானாக இருந்தால் ஓரத்து ஓலை பிசிறி விரலைக் கீறும். விளிம்பில் ஒரு வரிசை உல்லன் சுற்றித் தைத்துவிடுங்கள்.

எந்த உருவத்துக்கு எந்த நூல் என்று எழுதி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சின்னக் கண்டு மிச்சம் வையுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் என்று வாங்கினாலும் சாயல் மாறியிருக்கும். கழுத்துப் பக்கமும் அடியோரமும்தான் முதலில் தேயும், அங்கே ஒட்டுப்போட இந்த நூல் வேண்டும். அந்தக் கண்டுகளைக் கொட்டானுக்குள் போடாமல், பிள்ளைக்கு எட்டாத வேறொரு இடத்தில் வையுங்கள்.